மேல்தளத்துப் பச்சை

ரூபா துணிப்பையிலிருந்து அந்த மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்து மேஜைமேல் வைத்ததும், அதுவரை வளவளத்துக்கொண்டிருந்த உதவியாளன் செல்லக்கண்ணு வாயை மூடிக்கொண்டான். ஹெல்மெட்டின் உச்சி, சிதறுகாய் போட்டதுபோல் பிளந்திருந்தது.

"போலீஸ்ல திருப்பிக் கொடுத்தது இவ்வளவுதான் சார்," என்றாள். "ஆளை எரிச்சாச்சு, கேஸை மூடியாச்சு. இதை என் கையில கொடுத்து ஆட்டோ ஏத்தி அனுப்பிட்டாங்க."

மாணிக்கவாசகம் அதைத் தொடவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய் வேலையை விட்டவர் அவர். தேவராஜ மொஹல்லாவில் ஊதுபத்திக் கடை ஒன்றின் மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருந்தார். கீழிருந்து எப்போதும் சந்தன வாசனை வரும். படியேறி வருகிறவர்கள் கொண்டுவரும் விஷயத்தில்தான் ஒருநாளும் வாசனை இருந்ததில்லை.

ரூபாவின் கணவன் பாலன், குண்டலுபேட்டைக்கு அப்பால் ஹொன்னகுட்டை என்ற சின்னச் சுரங்கத்தில் புவியியல்காரன். பூமிக்கு அடியில் செம்பு வெட்டும் சுரங்கம் அது. செம்போடு கொஞ்சம் வெள்ளியும் துளித் தங்கமும் கிடைக்கும். எங்கே வெட்டலாம், எங்கே தாதுக்கொடி ஓடுகிறது என்று சொல்வது பாலனின் வேலை. போன மாதம் கீழ்த்தளத்துக்குத் தனியாகப் போனான், கூரையிலிருந்து கல் விழுந்து செத்தான், தப்பு அவனுடையது என்று கம்பெனி சொல்லிவிட்டது.

"சுள்ளு சார், எல்லாம் பொய், சுள்ளு!" ரூபாவின் தமிழில் ஆத்திரம் வந்தால் கன்னடம் முந்திக்கொண்டது. "அந்த மேனேஜர் மஞ்சுநாத்துக்கும் இவருக்கும் சண்டை. மூடி வெச்ச மேல் தளத்தைத் திறக்கணும்னு மேனேஜர் ஒத்தைக் காலில நின்னாரு. இவரு கூடாதுன்னுட்டாரு. 'மேல் தளத்தைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற'ன்னு போன்ல கத்தினதை என் காதால கேட்டேன். மேல ஜனங்க குடியிருக்காங்க இல்லையா? அதுக்குத்தான் தடுத்தாரு. தடுத்தவரை முடிச்சுட்டாங்க."

"மேல குடியிருக்கறது எங்க அக்கா சாமியாத்தாளும்தானுங்க," என்றான் செல்லக்கண்ணு. "சுரங்கத்து மண்டைமேல காலனி. ஹனூர்லயிருந்து போன சனம் பூராவும் அங்கதான். அக்கா சொல்லித்தானுங்க இவிங்க நம்மகிட்ட வந்தது."

மாணிக்கவாசகம் ஹெல்மெட்டைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிளவின் ஓரமெல்லாம் பச்சையாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினார். மேலோட்டமாகப் பட்டதல்ல. அடி விழுந்த வேகத்தில் பிளாஸ்டிக்குக்குள்ளேயே அரைபட்டு இறங்கியிருந்தது.

"பெயின்ட்டுங்களா?"

"அடிச்ச கல்லோட கையெழுத்து," என்றார். "படிக்கத் தெரிஞ்சவங்ககிட்ட கொண்டுபோவோம்."

*

படிக்கத் தெரிந்தவர் லீலா, பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியை. பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிவைத்து ஒரு பார்வைதான் பார்த்தார்.

"செம்போட துரு. பழைய செப்புக்குடம் பச்சை பிடிக்கிறதே, அதே சமாசாரம் மலைக்குள்ள நடந்திருக்கு. இவர் எங்க செத்ததா சொல்றாங்க?"

"கீழ்த்தளம்."

"எப்ப வெட்ட ஆரம்பிச்ச தளம்?"

"போன வருஷமுங்க," என்றான் செல்லக்கண்ணு.

லீலா ஹெல்மெட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்ப இது அங்கத்துக் கல் இல்லை. மழைத்தண்ணியும் காத்தும் இறங்கற ஆழம் வரைக்கும்தான் செம்பு பச்சையா மாறும். அதுக்குக் கீழ எப்பவும் நிலத்தடித் தண்ணிக்குள்ள முழுகிக் கிடக்கிற பாறை. அங்க செம்புத் தாது பித்தளை மாதிரி மஞ்சளா மினுங்கும், பச்சை இருக்காது. வெட்டித் திறந்து ரொம்பக் காலம் ஆனா அங்கயும் பச்சை பூக்கும். ஒரு வருஷத்துல இந்தக் கனத்துக்கு வராது. இந்தக் கல் மேல் தளத்துக் கல்."

"ஆள் செத்தது மேல, கிடைச்சது கீழ," என்றார் மாணிக்கவாசகம்.

"செத்தப்பறமும் எறங்கி வேலைக்குப் போயிருக்காரு. கம்பெனிக்கு இப்பிடி ஆளுதானுங்க வேணும்," என்றான் செல்லக்கண்ணு.

லீலா சிரிக்கவில்லை. "மேல் தளத்துல செம்பு அவ்வளவா தேறாது. மழை அதைக் கரைச்சுக் கீழ கொண்டுபோயிடும். மிஞ்சறது துருப்பிடிச்ச பழுப்புப் பாறை. ஆனா தங்கம் கரையாது. அது அங்கயே தங்கிடும்."

"அதனாலதான் தங்கம்னு பேரு வெச்சாங்களாட்டங்க."

"அந்தப் பழுப்புக் கல்லை இடிச்சு அலசினாலே பொடி கிடைக்கும். ஹொன்னகுட்டைத் தங்கத்துல வெள்ளி கலந்திருக்கும், கடைத் தங்கத்தைவிட வெளுப்பா இருக்கும். அளவு ஒண்ணும் பெரிசில்லை. கம்பெனிக்குக் கட்டுப்படியாகுமோ என்னமோ. ஆனா ஒரு ஆள், ரெண்டு ஆளுக்கு..." லீலா அதோடு நிறுத்திக்கொண்டார்.

படியிறங்கும்போது செல்லக்கண்ணு சொன்னான்: "மேனேஜர் திறக்கச் சொன்னது தங்கத்துக்குத்தானுங்க. பாலன் மறிச்சாரு. தீர்த்துக்கட்டிட்டான். கேஸு முடிஞ்சுது, காபி சாப்பிடலாங்களா?"

மாணிக்கவாசகமும் அப்படித்தான் நினைத்தார். நினைத்ததை நம்பவும் செய்தார். அந்த நம்பிக்கை ஹெப்பாள் போய்ச் சேரும்வரை நின்றது.

*

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் கம்பெனிக்கு ஓர் ஆபீசும் தகரக் கொட்டகையும் இருந்தன. மஞ்சுநாத் தொந்தியும் இஸ்திரி சட்டையுமாகக் கொட்டகை வாசலிலேயே மறித்தார். கன்னடம் கலந்த தமிழில் படபடவென்று பேசினார்.

"பாலன் கூட எனக்குச் சண்டை, ஜகளம் இருந்தது, ஹௌது. இல்லைன்னு சொல்லலை. மேல் தளத்தைத் திறக்கலாம்னேன். 'அங்க ஒண்ணுமில்லை சார், வெறும் கல்லு'ன்னு சொல்லி, சுவர் வெச்சு மூட வெச்சவரே அவர்தான். வேணும்னா அந்தக் கல்லை நீங்களே பாருங்க."

கொட்டகைக்குள் நீள நீளமான மரப்பெட்டிகள். மலைக்குள் குழாய்போலத் துளை போட்டு எடுத்த கல், வெள்ளரிக்காய் பருமனில் உருளை உருளையாக, மேலிருந்து கீழ்வரை வெளிவந்த வரிசை மாறாமல் அடுக்கியிருந்தது. மேல் தளத்துப் பெட்டியை மஞ்சுநாத் காட்டினார். சாம்பல் நிறக் கல். மினுக்கம் எதுவுமில்லை.

செல்லக்கண்ணு சும்மா இருக்க மாட்டாதவன். இரண்டு துண்டை எடுத்து உடைந்த முனைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தான். கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த இரண்டும் அப்படியே. பெட்டியின் நடுவுக்கு வந்ததும் கை நின்றது.

"ஏனுங்க சார், இது மட்டும் ஒட்ட மாட்டேங்குது. ஒடஞ்ச முறுக்கைக்கூட ஒட்டவெச்சா ஒட்டுமுங்க."

மாணிக்கவாசகம் குனிந்தார். மேலே உள்ள துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தின. கீழே உள்ளவையும் பொருந்தின. நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கிடந்த உருளைகள் பக்கத்துக் கல்லோடும் சேரவில்லை, தங்களுக்குள்ளும் சேரவில்லை. வேறெங்கோ எடுத்த கல்லைக் கொண்டுவந்து இட்டு நிரப்பியிருந்தார்கள். அந்த இடத்தில் முன்பு கிடந்தது எதுவோ, அதன் பழுப்புத் துரு மட்டும் பெட்டியின் மரத்தில் ஊறி நின்றது.

"கல்லை மாத்திட்டாங்க. மரத்தை மாத்த மறந்துட்டாங்க," என்றார். "கொட்டகைச் சாவி யார்கிட்ட இருந்தது?"

"பாலன் ஒருத்தர்கிட்டதான். நானே அவரைக் கேட்டுத்தான் திறக்கணும்." சொல்லிக்கொண்டே வந்த மஞ்சுநாத்தின் வாய் பாதியில் திறந்தபடி நின்றது. அவருக்கும் விளங்கிவிட்டது.

ரூபா ஆபீசுக்கு வந்து பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் மாணிக்கவாசகம் மனசுக்குள் திருப்பிப் பார்த்தார். மேல் தளத்தைத் தொடக்கூடாது என்று பாலன் கத்தினான். கத்தியது நிஜம். காரணம்தான் வேறு.

"உடலை முதல்ல பார்த்தது யாரு?"

"நஞ்சுண்டசாமி மேஸ்திரி. தாது லாரியோட வந்திருக்கார். வாசல் டீக்கடையில இருப்பார்."

*

நஞ்சுண்டசாமி கொள்ளேகாலத்துக்காரர். ஐம்பது தாண்டிய, இரும்புக் கம்பிபோல் முறுகிய உடம்பு. கையில் டீ கிளாஸ். மாணிக்கவாசகம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் நீட்டியிருந்த பூட்ஸைப் பார்த்தார்.

"மேஸ்திரி, உங்களுக்கு எந்தத் தளத்துல வேலை?"

"கீழதாங்க. வேற ஏது? மேலதான் சுவரு வெச்சாச்சே."

"கீழ மஞ்சக் கல்லு. உங்க பூட்ஸ் அடியில பச்சை ஏறியிருக்கு. இன்னும் ஈரம்கூடக் காயலை."

நஞ்சுண்டசாமி காலை உள்ளே இழுத்துக்கொண்டார். இழுத்த பிறகுதான், இழுத்திருக்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

"நான் அவரைக் கொல்லலீங்க."

"தெரியும். கொன்னது கல்லு. அது எங்கிருந்து விழுந்தது?"

மெல்ல மெல்லத்தான் வந்தது. மலைச் சரிவில் பழைய காற்றுக்குழி ஒன்று. அது வழியாக இறங்கினால் சுவருக்குப் பின்னால் போய்விடலாம். அங்கிருந்து கீழ்த்தளத்துக்குப் பழைய ஏணி ஒன்றும் உண்டு. பாலனும் அவருமாக ஒன்றரை வருஷமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். வெட்டி முடித்த இடத்தில் வேறு என்ன இருக்கும் என்று மாணிக்கவாசகம் கேட்டார்.

"தூணுங்க," என்றார் மேஸ்திரி. "தளத்தை வெட்டறப்ப கூரை இறங்காம இருக்க அங்கங்க கல்லைத் தூணாவே விட்டுட்டுப் போவாங்க. அந்தத் தூணுலயும் அதே தாதுதானே ஓடுது? நல்ல பழுப்புக் கல்லு அதுலதான் இருந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா செதுக்கினோம். ஒவ்வொரு தடவையும் 'இதோட போதும் மேஸ்திரி'ன்னுதான் சொல்லுவாரு."

"எத்தனை தூணு பாக்கி?"

கேட்டது செல்லக்கண்ணு. அவன் குரலில் கேலி இல்லை. இத்தனை வருஷத்தில் மாணிக்கவாசகம் கேட்டறியாத குரல் அது.

"உங்களைத்தான் கேக்கறனுங்க. மேல எங்க அக்கா வீடு இருக்குது. புள்ளைங்க இருக்குது. எத்தனை நிக்குது?"

"நிக்குதுன்னு சொல்றதுக்கு..." நஞ்சுண்டசாமி தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாம் நடுவுல இளைச்சு இடுப்பு செத்துப்போச்சு."

பின்னால் வந்து நின்றிருந்த மஞ்சுநாத், "தேவரே," என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு முனகினார். "அந்த இடத்துல வீடு கட்டலாம், தூண் எல்லாம் பலமா இருக்குன்னு சொன்னவரே பாலன்தான். அவர் பேச்சை நம்பித்தான் காலனி போட்டோம்."

"பாலன் செத்தப்பறமும் இறங்கியிருக்கீங்களே மேஸ்திரி," என்றார் மாணிக்கவாசகம். "ஆளை ஏணி வழியா கீழ கொண்டுபோய்ப் போட்டது எதுக்கு? அவர் பேரைக் காப்பாத்தவா, காற்றுக்குழியைக் காப்பாத்தவா?"

"அந்தம்மா தலை நிமிர்ந்து நடக்கணும்னுதாங்க..."

"பூட்ஸைப் பார்த்துச் சொல்லுங்க."

மேஸ்திரி பூட்ஸைப் பார்த்தார். தனக்குத்தானே பேசுகிறவர்போல, "அன்னிக்கு அவரு செதுக்க வரலீங்க," என்றார். "முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தத்தான் மரம் கொண்டாந்தாரு. தூக்கம் வரலைன்னாரு. மரத்தை நிமித்தறப்பதான் விழுந்துச்சு."

அது உண்மையா, செத்தவனுக்கு வாய்க்கரிசியாகப் போடும் நல்ல வார்த்தையா என்று மாணிக்கவாசகத்துக்குக் கடைசிவரை தெரியவில்லை.

செல்லக்கண்ணு அதற்குள் காலனிக்குப் போகக் கம்பெனி ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டான். மஞ்சுநாத் போலீசுக்குப் போன் போட்டுவிட்டு ஓடிவந்து வண்டியைக் கிளப்பினார்.

*

ரூபாவிடம் தானே சொல்ல வேண்டும் என்று மாணிக்கவாசகம் போனார். அவள் வாசலிலேயே எதிர்கொண்டு, "மஞ்சுநாத்தானே சார்? பிடிச்சுட்டீங்களா?" என்றாள். முகத்தில் ஒரு மாதமாக இல்லாத வெளிச்சம். உள்ளே அவள் மகள், நாலு வயசு, தரையில் உட்கார்ந்து சொப்பு விளையாடிக்கொண்டிருந்தாள். கையில் இரண்டு வளையல். தங்கம்தான். ஆனால் எலுமிச்சம்பழத் தோல்போல வெளுத்த தங்கம்.

அவர் பார்வை போன இடத்தை ரூபா கவனித்தாள். "அவரே செய்யக் கொடுத்து வாங்கிட்டு வந்தது சார். போன பொறந்தநாளுக்கு."

சொல்லாமலே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. காலனியை எப்படியும் காலி செய்துவிடுவார்கள். மேஸ்திரி தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் இந்தப் பெண்ணுக்குப் புருஷன் மிஞ்சுவான். ஆனால் நாளைக்கே பேப்பரில் வரும். யாரோ ஒருத்தன் வாயிலிருந்து கேட்பாள். உட்கார்ந்தார். சொன்னார். முட்டுக்கட்டை விஷயத்தையும் விடாமல் சொன்னார்.

ரூபா அழவில்லை. மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து வளையல்களைக் கழற்றினாள். குழந்தை வீறிட்டது. வளையலை அவர் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவரைக் கொன்னது யாருன்னு கேட்டுத்தானே சார் உங்ககிட்ட வந்தேன்? அன்னிக்கு உடம்புதான் செத்துது. மிச்சத்தை நீங்க கொன்னுட்டு வந்து நிக்கறீங்க."

"அம்மா, மேல இருந்த ஜனங்க..."

"போயிடுங்க சார்."

*

ஏப்ரலில் காலனியைக் காலி செய்தார்கள். ஒருத்தரும் நன்றி சொல்லவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் சட்டி பானையோடு கிடந்தவர்கள் மலையைப் பார்த்தார்கள். மலை அசையாமல் நின்றது. சுரங்கத்தை மூடியதால் கூலியும் போயிற்று. "நிக்குது பாரு என் வீடு, கண்ணு தெரியுதா?" என்று சாமியாத்தாள் தம்பியை வைத வசவை அவன் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. ஆபீசில் ஜோக்கடிப்பதையும் குறைத்துக்கொண்டான். லீலா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "விழும். எப்பன்னு கேக்காதீங்க," என்றார்.

ஜூலை மழையில் விழுந்தது. காலனியின் பாதி, கிணற்றில் வாளி இறங்குவதுபோல உள்ளே போயிற்று. ஆள் யாரும் இல்லை. பேப்பரில் நாலு வரி வந்தது.

அதற்கு அடுத்த வாரம் சாமியாத்தாளே ஊதுபத்திக் கடை மாடியேறி வந்தாள். தம்பியைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. அவன் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு மாணிக்கவாசகத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்த ரூபாப் புள்ளைகிட்ட யாராச்சும் சொன்னீங்களா?"

"என்ன சொல்றது?"

"அது வந்து கேக்கலைன்னா நாங்க எறங்கியிருக்க மாட்டமுங்க. எம்புள்ளைங்க மூணும் அந்தக் குழிக்குள்ளதான் இருக்கோணும். புருசன் பண்ணுனது பண்ணுனதுதான். அதுக்கு இவ என்ன பண்ணுவா? 'உன்னாலதான் பொழைச்சோம்'னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க. அதுக்குத்தான் பஸ் ஏறி வந்தேன்."

இந்த ஒரு கணக்கை மாணிக்கவாசகம் போட்டுப் பார்க்கவே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் மழையில் போனார்கள்.

வீடு பூட்டியிருந்தது. கதவில் வீடு வாடகைக்கு என்று கன்னடத்தில் எழுதிய அட்டை. பக்கத்து வீட்டுத் தேவம்மா குடையோடு வெளியே வந்து, அவள் போய் மாதம் ஒன்றாகிறது என்றாள்.

"எந்த ஊருக்கும்மா?" என்றார் மாணிக்கவாசகம். "ரொம்ப அவசியம். நல்ல விஷயம்தான்."

தேவம்மா மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். பாவமாகத்தான் பார்த்தாள்.

"எனக்குக் கொத்து, தெரியும் சார். ஆனா சொல்ல மாட்டேன். யார் வந்து என்ன நல்லது சொன்னாலும் சொல்லாதேன்னு, மகள் தலைமேல சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கா."

குடையைச் சாய்த்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சாமியாத்தாள் அந்தப் பூட்டிய வாசலில் நின்று, உள்ளே ஆள் இருப்பதுபோல், சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினாள்.